சிறகு நுனிக்குள் ரீச்சர் ஒளித்த அன்ரனா

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஒரு வீட்டுப் பின்வளவில் விமானம் நிற்கிறது என்று சொன்னால், கேட்கிற ஆள் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு, உங்களைக் கூட்டிக்கொண்டு போக வீட்டிலிருந்து ஆரும் வருகினமோ என்று உங்களுக்குப் பின்னால் பார்ப்பார். பராசக்தி ரீச்சருக்கு இந்த இரண்டு பார்வையும் பழகிப்போனவை. ஆகையால் அவ கதையை ஒருநாளும் விமானத்தில் தொடங்குவதில்லை. வெயிலில் தொடங்குவா, வெங்காயத்தில் ஏறுவா, கேட்கிறவர் அசந்த நேரம் பார்த்து விமானத்தை மெல்ல இறக்குவா.

விமானம் அவவுடையது அல்ல. அவவின் மனுஷன் பஞ்சலிங்கத்தாருடையது. பஸ் டிப்போவில் எஞ்சின்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர். அந்த வயதில் மற்ற மனுஷர்கள் கோயில் நிர்வாகசபைக்குள் போய்ச் சண்டை பிடிப்பார்கள், அல்லது வாழை நட்டுவிட்டு அது குலை போடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் வெளிநாட்டிலிருந்து ஒரு வரைபடத்தை எடுப்பித்து, கொட்டிலுக்குள் அலுமினியத் தகடு வெட்டத் தொடங்கினார். இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். எஞ்சினை மட்டும் கனடாவிலிருந்து மகள் அனுப்பினாள். வழக்கமாக உடுப்பும் சொக்கிலேற்றும் வருகிற இடத்தில், அந்தமுறை நாலு பேர் தூக்குகிற மரப்பெட்டி வந்து இறங்கியது. பக்கத்து வீட்டு இராசமலர் மதிலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தமுறை சொக்கிலேற் கொஞ்சம் கூடப்போல, ரீச்சர்" என்றா.

இராசமலருடையது தவில்காரக் குடும்பம். அந்த ஒழுங்கையில் காலையில் நாதஸ்வரம், பின்னேரம் தவில் என்று காதுகள் எப்போதும் சுருதியோடுதான் இருக்கும். எஞ்சினை முதன்முதல் இயக்கிய நாளில் சனம் பயந்து ஓடிவரும் என்று ரீச்சர் எதிர்பார்த்து, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீரும் வைத்தா. ஒரு காகம்கூட வரவில்லை. பின்னேரம் இராசமலரின் மனுஷன் ஒழுங்கையில் பஞ்சலிங்கத்தாரை மறித்து, எஞ்சின் நாலரைக் கட்டையில் எடுத்து ஐந்துக்குப் போகமுன்னம் சறுக்குது என்று சொல்லிவிட்டுப் போனாராம். திறந்து பார்த்தால் உள்ளுக்குத் தூசியாம். இது ரீச்சர் சொல்கிற கதை. தூசி இருந்ததோ இல்லையோ, கதைக்கு அது தேவை.

றேடியோ அலுவல் ரீச்சரின் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதும் பிழை. அவவே குனிந்து தலையை நீட்டினா. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் பௌதிகவியல் படிப்பித்தவ. மின்காந்த அலை என்றால் நித்திரையிலும் வரைவிலக்கணம் சொல்லுவா. ஆனால் வீட்டில் பியூஸ் போனால் பஞ்சலிங்கத்தாரைத்தான் கூப்பிடுவா. அவர் ஏணியில் நின்று பியூஸ் கட்டி முடியும்வரை, அது ஏன் போனது என்பதைக் கீழே நின்று விளக்குவா. இறங்கி வருகிற மனுஷன் களைத்துப்போய் வருவது ஏணியாலா விளக்கத்தாலா என்று அவவுக்கே சந்தேகம்.

பஞ்சலிங்கத்தாரின் திட்டம் சுருக்கமானது. விமானத்தின் முதுகில் ஒரு துளை போடுவது, அதில் ஒரு கம்பியை நிமிர்த்தி நடுவது, அதுதான் அன்ரனா. எல்லா விமானத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்று படமும் காட்டினார். ரீச்சருக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே கூசியது. ஒரு அன்ரனாவை இப்படி ஊர் பார்க்க நட்டுவைக்கலாமா என்று கேட்டா. கேட்டுவிட்டு, தான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று யோசிக்கவும் இல்லை.

அதற்கு ஒரு பழங்கதை உண்டு. சண்டைக் காலத்தில், ரோச் பற்றரிக்கே தடை இருந்த நாட்களில், அந்த வீட்டில் ஒரு றேடியோ இருந்தது. சைக்கிள் டைனமோவில் ஓடும். பஞ்சலிங்கத்தார் மிதிப்பார், ரீச்சர் செய்தி கேட்பா. மிதி தளர்ந்தால் செய்தி வாசிக்கிறவருக்கும் மூச்சு வாங்கும். தூரத்து நிலையத்தை இழுக்க அன்ரனா வேண்டும். கூரையில் கம்பி கட்டினால், ஆரோடை கதைக்கிறியள் என்று கேட்க ஆட்கள் வருவார்கள். ஆகவே ரீச்சர் முற்றத்துக் கொடிக்கம்பியையே அன்ரனா ஆக்கினா. ஒரு முனையிலிருந்து மெல்லிய வயர் ஒன்று சுவரோடு ஒட்டி, யன்னலுக்குள்ளால் போகும். கம்பியில் எப்போதும் ஈரச் சேலை தொங்கும். வீடு சோதிக்க வந்தவர்கள் அந்தச் சேலைக்குக் கீழால் குனிந்து போய்க் குனிந்து வந்தார்கள். ஒருவருடைய தொப்பியைக் கம்பி தட்டி விழுத்தியது. ரீச்சர் அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தா.

இந்தக் கதையை அவ முதன்முதலில் சொன்னபோது வந்தவர்கள் இரண்டு பேர். மகள் பெரியவளானபோது ஒரு லொறி நிறைய வந்தார்கள். இப்போது ஒரு படையணியே வருகிறது, மோப்பநாயோடு. நாயும் குனிந்துதான் போனதாம்.

இப்படிப் புகழ் எடுத்த ஒருவவுக்கு, அன்ரனா என்பது ஒளிக்க வேண்டிய சாமான். தேங்காய் துருவுவதற்கு, அன்ரனா ஒளிப்பதற்கு. சண்டை முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அரசாங்க அனுமதியோடு, பொலிஸ் வந்து பார்த்துத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன விமானத்திலும் அது ஒளிக்க வேண்டிய சாமான்தான்.

வழி ஒன்று அகப்பட்டது. சிறகு முழுக்க அலுமினியம் என்றாலும், நுனி இரண்டும் வளைந்து திரும்புகிற இடங்கள். அதைத் தகட்டில் கையால் வளைக்க முடியாது, பைபரில்தான் வார்க்க வேண்டும். பைபருக்குள்ளால் றேடியோ அலை, கண்ணாடிக்குள்ளால் வெளிச்சம் போகிற மாதிரிப் போகும். அதற்குள் அன்ரனாவை வைத்தால் வெளியில் ஒரு கம்பியும் தெரியாது. வெளிநாடுகளில் வீட்டில் விமானம் செய்கிறவர்கள் அப்படி வைக்கிறார்கள் என்று வாசித்தபோது ரீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. உலகம் முழுக்கத் தன்னைப்போல ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தா. அவர்கள் காற்றுத் தடையைக் குறைக்கத்தான் ஒளிக்கிறார்கள் என்று பஞ்சலிங்கத்தார் சொன்னது அவவின் காதில் ஏறவில்லை.

சிறகு நுனியை வார்த்தவர் அரியாலைக் கரையில் பைபர் வள்ளம் செய்கிற கிறிஸ்ரோபர். அச்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதிலை அணியம் எந்தப் பக்கம்?" என்று வள்ளத்தின் முன்மூக்கைத் தேடினார். கொண்டல் காற்றுக்கும் தாங்குகிற மாதிரி வார்த்துத் தந்தார். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கலாம். பஞ்சலிங்கத்தார், இது தண்ணிக்குள் போகிற சாமான் அல்ல என்று விளக்கி, இன்னும் மெல்லிசாக, இன்னும் மெல்லிசாக என்று கேட்டு வார்ப்பித்தார். கடைசியில் வந்தது முட்டைக்கோது மாதிரி இருந்தது.

ரீச்சர் கணக்குப் போட்டா. அலைநீளத்தில் காற்பங்கு, ஒரு முழமும் ஆறு விரற்கடையும். செப்பு நாடாவை அந்த அளவுக்கு வெட்டி, றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத்துண்டு ஒன்றில் ஒட்டி, அதை வலது நுனிக்குள் பொருத்தினா. கேபிளைப் பஞ்சலிங்கத்தார் சிறகுக்குள்ளால் இழுத்து ஈயத்தால் பற்றவைத்தார். கிறிஸ்ரோபர் கைவானொலியோடு மோட்டார்சைக்கிளில் மல்லாகம் சந்திக்குப் போனார். கொட்டிலுக்குள் விமானத்தில் குந்தியிருந்த பஞ்சலிங்கத்தார் கூப்பிட, "அண்ணை, பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது. இஞ்சை ரோல்ஸ் சுடச்சுடப் போடினம், கட்டிக்கொண்டு வரவோ?" என்று பதில் வந்தது. அவ்வளவு துலக்கம். ரோல்சும் வந்தது. ரீச்சர் அன்றைக்கு இரண்டு சாப்பிட்டா.

அத்தோடு விட்டிருக்கலாம்.

அடுத்த நாள் காலையில் சிறகை முற்றத்துக்கு எடுத்துச் சாய்த்து வைத்தார்கள். எழுந்து வந்த வெயில் நுனிக்குப் பின்னால் பட்டது. முட்டைக்கோது முழுக்க மஞ்சளாய் ஒளிவிட்டது. அதற்கு நடுவில், வெயிலுக்குப் பிடித்த மீன்குஞ்சில் முள்ளுத் தெரிகிற மாதிரி, செப்பு நாடா கறுப்பாய்ப் படுத்துக் கிடந்தது. மதிலுக்கு மேலால் இராசமலரின் தலை எழுந்தது. "செட்டைக்குள்ளை ஏதோ கம்பி கிடக்குப்போல, ரீச்சர்."

மோப்பநாய்க்கே அகப்படாத ரீச்சர் இராசமலருக்கு அகப்பட்டுப்போனா.

வெள்ளைப் பெயின்ற் அடித்தால் மறையும் என்று பஞ்சலிங்கத்தார் சொன்னார். அடித்துப் பார்த்தார்கள். வெயில் நேரே பின்னால் வந்தால் அப்போதும் ஒரு நிழல் தெரிந்தது, தெரியவேண்டும் என்று முடிவெடுத்துப் பார்க்கிறவர்களுக்கு. ரீச்சர் முடிவெடுத்துத்தான் பார்த்தா. ஒழுங்கைக்குப் போய் நின்று பார்த்தா, மாமரத்தடியில் நின்று பார்த்தா, இராசமலரின் வளவுக்குள்ளும் போய் நின்று பார்த்தா. தெரிந்தது.

பஞ்சலிங்கத்தார் தலைமயிர் வெட்டப் போன நேரம் அவ அறைக்குள் போய், கூரை போட்டபோது மிஞ்சின வெள்ளித்தாளை எடுத்தா. ஓட்டுக்குக் கீழே சூடு தாங்க ஒட்டுகிற தடித்த தாள். நுனியைப் பூட்டியிருந்த திருகாணிகளைக் கழற்றி, அன்ரனாவைத் தூக்கி ஒருபக்கம் வைத்துவிட்டு, உட்சுவர் முழுவதற்கும் தாளை வெட்டி ஒட்டினா. பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போடுகிற நேர்த்தி. ஒரு படை போதாதென்று இரண்டாம் படையும் ஒட்டினா. அன்ரனாவைத் திரும்ப உள்ளே வைத்து, சிறகோடு சேருகிற வாயையும் கேபிளுக்கு மட்டும் வழிவிட்டு அடைத்து, பூட்டிவிட்டு ஒழுங்கைக்குப் போய் நின்று பார்த்தா. இப்போது சூரியன் நேரில் இறங்கி வந்தாலும் ஒன்றும் தெரியாது. மனம் நிறைந்தது. பஞ்சலிங்கத்தார் வழுவழுவென்ற பிடரியோடு வந்தபோது அவவுக்குச் சொல்ல வாய் உன்னியதுதான். ஆனால் ஒளித்ததைச் சொன்னால் அது ஒளித்தது ஆகாதே.

இனி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பஞ்சலிங்கத்தார் அறுபது கடந்தபிறகு இரத்மலானைக்குப் போய் விமானம் ஓட்டப் பழகியவர். கையில் அனுமதிப்பத்திரம் உண்டு. ஆனால் கண்ணில் வெண்புரை தொடங்கியிருந்தது. வைத்தியர் இந்தமுறை தகுதி என்று எழுதிக் கொடுத்தார். அடுத்தமுறை எழுதமாட்டேன் என்றும் அப்போதே சொல்லிவிட்டார். அந்தச் சான்றிதழ் ஆவணியோடு முடிகிறது. கொழும்பிலிருந்து பரிசோதகர் ஒருவர் அதற்குமுன் ஒரேயொரு நாள்தான் வருகிறார். அன்றைக்கு அவர் சரி சொன்னால் பஞ்சலிங்கத்தார் பறப்பார். சொல்லாவிட்டால் ஒருநாளும் பறக்கமாட்டார். அந்தச் சாமானைக் கோழிக்கூட்டுக்குத் தருவியளோ என்று இராசமலர் முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தா. ஏழு வருஷமாய் றிவெற் அடித்த சத்தத்தில் ரீச்சரின் ஒரு காது மந்தம். மனுஷன் ஒருக்காலாவது மேலே எழும்பினால்தான் அந்தக் காதுக்கு ஒரு மரியாதை.

பரிசோதனை பலாலி விமானநிலையத்தில். சிறகைக் கழற்றி லொறியில் ஏற்றிக் கொண்டுபோய், ஓடுபாதை ஓரத்தில் திரும்பப் பூட்டினார்கள். பரிசோதகர் குருநாகலில் பிறந்த சிங்களவர், மெல்லிய மனுஷர், புத்தகத்தில் படித்த சுத்தமான தமிழ் கதைத்தார். ஒவ்வொரு ஆணியாய்த் தட்டிப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். சக்கரத்தை உதைத்தார். பஞ்சலிங்கத்தாரின் வேலையைப் பார்த்து, பஸ்ஸில் இவ்வளவு கவனம் எடுத்திருந்தால் நாட்டில் ஒருவரும் தாமதமாகியிருக்கமாட்டார்கள் என்றார். ரீச்சர் குடைக்குக் கீழே இருந்து அதைக் கேட்டு மகிழ்ந்தா. கடைசியாக றேடியோ.

பஞ்சலிங்கத்தார் உள்ளே இருந்து கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டார். பக்கத்தில் கைவானொலியோடு நின்ற பரிசோதகருக்கு, கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுகிற மாதிரி ஏதோ கேட்டது. கோபுரத்துக்கு அதுவும் இல்லை. பரிசோதகர் தலையாட்டினார். பயணிகள் விமானம் வந்துபோகிற வானத்தில் ஊமை விமானத்துக்கு இடமில்லை, தான் பின்னேர ரயிலைப் பிடிக்க வேண்டும், அதற்குள் திருத்தினால் பார்க்கலாம் என்றார்.

பஞ்சலிங்கத்தார் இறங்கி வந்து முன்தட்டைக் கழற்றினார். "பற்றவைச்சதிலைதான் பிழை, சேர்" என்றார். "அது என்ரை வேலை. அன்ரனா ரீச்சர் செய்தது, அதிலை பிழை வராது."

ரீச்சருக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான்.

மத்தியானம் கடந்துகொண்டிருந்தது. மனுஷன் முன்தட்டுக்குப் பின்னால் ஒவ்வொரு முனையாய்த் திரும்பப் பற்றவைத்தார். ஒவ்வொருமுறையும் கோபுரம் வாய் திறக்கவில்லை. பசித்த பரிசோதகரைச் சும்மா நிறுத்தக்கூடாதென்று ரீச்சர் சாப்பாட்டுப் பையைத் திறந்தா. இடியப்பமும் சம்பலும். கொழும்பு மனுஷருக்கு வாழையிலையில் கட்டினால் பட்டிக்காடு என்று நினைப்பாரென்று வெள்ளித்தாளில் சுற்றியிருந்தா. ஒரு பார்சலை அவருக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை விரித்தா. கை அப்படியே நின்றது.

முப்பது வருஷமும், ஒவ்வொரு வருஷமும், அவ வகுப்பில் ஒரு சின்ன றேடியோவை மேசையில் பாடவிடுவா. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் தூக்கி ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து மூடுவா. பாட்டு நிற்கும். "பிள்ளையள், ஏன் நிண்டது?" என்று கேட்பா. சுற்றிவர உலோகம் இருந்தால் அலை உள்ளுக்கும் வராது, வெளியிலும் போகாது என்று எந்தப் பெட்டை எழுதினாலும் முழுப்புள்ளி. எழுதாத பெட்டையை எழுப்பி நிறுத்துவா.

ரீச்சர் தானாகவே எழும்பி நின்றா.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அலுவல் முடிந்திருக்கும். ஆனால் பழக்கம் விடாது. இதையும் ஒளித்தே திருத்திவிடலாம் என்று அவவுக்குத் தோன்றியது. பஞ்சலிங்கத்தாரின் திருகாணிச்சாவியைச் சேலைத் தலைப்புக்குள் எடுத்துக்கொண்டு, வெயிலுக்கு நிற்கிற மாதிரிக் குடையை விரித்து வலது நுனிக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினா. காவலுக்கு நின்ற விமானப்படைக்காரர் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். ரீச்சர் அவரைப் பார்த்துச் சிரித்தா. அவரும் சிரித்தார். கொடிக்கம்பிக்குக் கீழால் குனிந்துபோனவர்களும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள் என்று அவவுக்குத் தைரியம் வந்தது.

நுனி கழன்றது. தாள் கழலவில்லை. செருப்புத் தைக்கிற பசையால் ஒட்டியிருந்தா, அதுவும் இரண்டு படை. நகத்தால் கிளப்பி இழுத்தா. கல்யாணவீட்டுப் பட்டாசு மாதிரிச் சத்தம் வந்தது. அதை மறைக்க இருமினா. இழுப்பதும் இருமுவதுமாக ஒரு பெரிய துண்டை உரித்தெடுத்த நேரம் சோளகக் காற்று ஒன்று வந்தது. குடை ஒருபக்கம் புரண்டது. துண்டு அவவின் கையை விட்டுக் கிளம்பி, வெயிலில் மின்னி மின்னி, ஓடுபாதையின் நடுவுக்குப் போய் இறங்கியது. அந்த விமானத்திலிருந்து முதலில் பறந்தது அதுதான்.

ஓடுபாதையில் ஒரு துரும்பும் கிடக்கக்கூடாது என்பது சட்டமாம். எங்கேயோ மணி அடித்தது. காவலுக்கு நின்றவர் ஓடினார், இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள், ஒரு ஜீப்பும் புறப்பட்டது. தாள் அவர்களுக்குப் பிடிகொடுக்காமல் கொஞ்சம் எழும்பி, கொஞ்சம் இருந்து, திரும்ப எழும்பியது. கடைசியில் ஒருவர் அதன்மேல் பாய்ந்து விழுந்து பிடித்தார். பிடித்ததைக் கொண்டுவந்து பரிசோதகரின் கையில் கொடுத்தார். எல்லாரும் ரீச்சரைப் பார்த்தார்கள். ரீச்சரின் கையில் திருகாணிச்சாவி இருந்தது, சேலை முழுக்க வெள்ளித் துகள் மின்னியது.

"அம்மா, இது என்ன?" என்று கேட்டார் பரிசோதகர்.

"வெள்ளித்தாள், சேர்."

"அது தெரிகிறது. விமானத்துக்குள் எதற்காக?"

பஞ்சலிங்கத்தார் கழன்று கிடந்த நுனியைப் பார்த்தார். அதற்குள் கோயில் தேர் மாதிரி மின்னியதைப் பார்த்தார். மனுஷனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியும், முன்னுக்கு வந்து, "சூட்டுக்கு ஒட்டினது, சேர். நான்தான் ஒட்டினனான்" என்றார்.

பரிசோதகரின் முகம் மாறியது. வரைபடத்தில் இல்லாத ஒன்றை, செய்தவரே சொல்லாமல் உள்ளே ஒட்டியிருக்கிறார் என்றால், பார்க்காத இடங்களில் இன்னும் என்னென்ன இருக்கும் என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார். பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். சத்தமில்லாமல் வைத்தார், அதுதான் பயமாக இருந்தது.

ரீச்சர் குடையைக் கீழே போட்டா.

"அவருக்கு ஒண்டும் தெரியாது, சேர். பொய் சொல்லுறார், அதுவும் வடிவாச் சொல்லத் தெரியேல்லை. நான் ஒட்டினனான். அவர் தலைமயிர் வெட்டப் போன நேரம் ஒட்டினனான். அன்ரனா வெளியிலை தெரிஞ்சுது, எனக்கு மனம் கேக்கேல்லை. முப்பது வருஷம் பௌதிகவியல் படிப்பிச்சனான், வேணுமெண்டால் அதையும் எழுதுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. பரிசோதகர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரிந்தால் என்ன, அம்மா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

ரீச்சர் பதில் சொல்ல வாயெடுத்து, சுற்றிவர நின்ற சீருடைகளைப் பார்த்தா. தாளின்மேல் பாய்ந்தவர் முழங்கையில் உரசலோடு நின்றார். கொடிக்கம்பியை, ஈரச் சேலையை, நாயை எல்லாம் சொல்லலாம்தான். அவ வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நல்ல கதையைச் சொல்லாமல் விட்டா.

"பழக்கம், சேர்."

பரிசோதகர் அவவையும் பார்த்தார், தலை குனிந்து நின்ற பஞ்சலிங்கத்தாரையும் பார்த்தார். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்தார். மற்ற நுனியையும் கழற்றிக் காட்டச் சொன்னார். அதற்குள் ஒன்றுமில்லை. மேலும் நாலைந்து மூடியைத் திறப்பித்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எல்லாம் பஞ்சலிங்கத்தாரின் கைவேலை, துப்புரவு. "சரி, உரியுங்கள்" என்றார்.

உரித்தார்கள். பசை லேசில் விடவில்லை. பஞ்சலிங்கத்தார் தகட்டுத் துண்டால் சுரண்டினார். ரீச்சர் சம்பலுக்குக் கொண்டுவந்த கரண்டியால் சுரண்டினா. தாளைப் பிடித்த விமானப்படைக்காரர் ஒரு சாக்கை விரித்துப் பிடித்தார், இன்னொரு துண்டின்மேல் பாய அவருக்கு விருப்பமில்லை. சுரண்டிக்கொண்டே பஞ்சலிங்கத்தார் மெல்லக் கேட்டார்.

"இரண்டு படையோ ஒட்டினனீர்?"

"ஓம்."

"நல்லாத்தான் ஒட்டியிருக்கிறீர்" என்றார். முப்பத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவவின் கைவேலையை அவர் மெச்சியது அந்த ஒருமுறைதான். அதுவும் இதற்கு.

றெஜிபோம் துண்டில் அன்ரனா அப்படியே இருந்தது, ஒரு கீறலும் இல்லை. நுனியைத் திரும்பப் பூட்டினார்கள். பின்னால் வெயில் பட்டது. மீன்முள்ளுப் போல நிழல் தெரிந்தது, உலகம் முழுக்கப் பார்க்கலாம். பஞ்சலிங்கத்தார் ஏறி இருந்து கூப்பிட்டார். கோபுரம் உடனே பதில் சொன்னது, துலக்கமாய், கொஞ்சம் சலிப்போடு, காலையிலிருந்து எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற தொனியில். பரிசோதகர் பேனையைத் திறந்தார், ஒரு சுற்றுச் சுற்றி ஒழுங்காய் இறங்கினால்தான் கையெழுத்து என்றார்.

எஞ்சின் எடுத்தது. ரீச்சர் தன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டா. ஐந்து கட்டைக்கு ஏறியதோ என்னவோ, சறுக்கவில்லை. விமானம் ஓடுபாதையில் ஓடி, ஓடி, இனி வேலியைத்தான் இடிக்கப்போகுது என்று அவ கண்ணை மூடித் திறந்தபோது, சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. கடல்பக்கமாய் எழும்பி, மேற்கே சாய்ந்து, அளவெட்டித் திசைக்குத் திரும்பியது. சின்ன வெள்ளைப் புள்ளி. அவ கையில் இன்னமும் சம்பல் கரண்டி.

பரிசோதகரின் கைவானொலியில் பஞ்சலிங்கத்தாரின் குரல் கரகரத்தது. "இஞ்சாரும். கேக்குதோ?"

பரிசோதகர் வானொலியை அவவிடம் நீட்டி, எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று காட்டினார். ரீச்சர் அழுத்தினா. "ஓம், கேக்குது."

"எங்கடை வீட்டுக்கு மேலாலை போறன். வடிவாத் தெரியுது."

எல்லாரும் காத்து நின்றார்கள். ஜீப்பில் வந்தவர்கள் நின்றார்கள், கோபுரத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு வருஷம் றிவெற் அடித்த மனுஷன் ஆகாயத்தில் நின்று இனி என்ன சொல்லப்போகிறார் என்று ரீச்சர் வானொலியை நல்ல காதோடு ஒட்டிப் பிடித்தா.

"கிணத்து மோட்டரை நிப்பாட்டாமலோ வந்தனீர்? தண்ணித் தாங்கி வழியுது. வளவெல்லாம் வெள்ளம். இராசமலரின்ரை மதிலடிக்கும் போயிட்டுது."

மோட்டரை நிறுத்திவிட்டுத்தான் வந்தேன் என்று அவ உறுதியாய் நம்பினா. உங்கடை கண்ணிலை புரை, அது தண்ணியில்லை வெயில் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. விரல் பொத்தானில். பக்கத்தில் பரிசோதகர், கையில் பேனை, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோபுரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ரீச்சர் ஒருமுறை மூச்சு விட்டா. பொத்தானை அழுத்தினா.

"ஓம், நான்தான் மறந்துபோனன். உங்களுக்கு நல்ல கண். ஆறுதலாச் சுத்திப்போட்டு இறங்குங்கோ, போய் நிப்பாட்டுவம்."